வேட்பாளர் நிஜமாகவே கன்சர்வேட்டிவ்தானா? நாமே அளந்து பார்க்கலாம்

அமெரிக்காவில் குடியரசுக் கட்சி தன் அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் காலம் வந்தால், மேடைக்கு மேடை கேட்கும் வார்த்தை ஒன்றுதான்: "நான்தான் உண்மையான கன்சர்வேட்டிவ்." 2012இல் மிட் ராம்னி ஒருபடி மேலே போய், மாசசூசெட்ஸ் ஆளுநராகத் தான் "கடுமையான கன்சர்வேட்டிவ்" ஆக இருந்ததாகச் சொன்னார். அதே ராம்னிதான் 2006இல் அந்த மாநிலத்தின் மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தில் கையெழுத்திட்டவர். பின்னால் எதிர்க்கட்சியான ஜனநாயகக் கட்சியின் அதிபர் ஒபாமா கொண்டுவந்த மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்துக்கே அது முன்மாதிரி ஆனது.

(ஆளுநர் என்றதும் ராஜ்பவனை நினைக்க வேண்டாம். அங்கே ஆளுநரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள்; நம் முதல்வரைப் போல ஆட்சி நடத்துபவர் அவர்.)

சரி, பேச்சை நம்ப முடியாது என்றால் எதை நம்புவது? 2016 தேர்தலை எடுத்துக்கொண்டு படிப்படியாகச் செய்து பார்ப்போம். ஓர் எக்செல் ஷீட்டும் ஒரு மதியப் பொழுதும் போதும். டெட் குரூஸ், மார்கோ ரூபியோ, ராண்ட் பால், ஜான் கேசிக், ஜெப் புஷ், டொனால்ட் டிரம்ப் என்று ஆறு பெயர்களை இடது ஓரத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

படி 1: சொல்லை உடைத்துக்கொள்ளுங்கள்

தமிழில் "பழமைவாதம்" என்று எழுதியதும் மதமும் சம்பிரதாயமும்தான் மனதில் வரும். அமெரிக்காவில் அந்தச் சொல்லுக்குள் குறைந்த வரி, சிறிய அரசு, துப்பாக்கி உரிமை, கருக்கலைப்பு எதிர்ப்பு, வலுவான ராணுவம் என எல்லாம் அடக்கம். ஒருவரிடம் இவை எல்லாமே இருக்க வேண்டும் என்பதில்லை. ராண்ட் பால் அரசுச் செலவை வெட்டுவதில் யாருக்கும் சளைத்தவர் அல்ல. ஆனால் வெளிநாட்டுப் போர்களையும் அரசின் ஒட்டுக்கேட்பையும் எதிர்ப்பவர். ஆகவே பொருளாதாரம், சமூகம், பாதுகாப்பு என்று ஷீட்டில் மூன்று பத்திகள் (column) போடுங்கள். ஒற்றைப் பத்தியில் தொடங்கினால் பாதி விஷயம் அங்கேயே தொலைந்துவிடும்.

படி 2: ஓட்டுகளைப் பாருங்கள்

இந்தியாவில் 1985இன் கட்சித்தாவல் தடைச் சட்டத்துக்குப் பிறகு, கொறடா உத்தரவை மீறி ஓட்டுப் போட்டால் பதவியே போகலாம். எம்.பி.யின் ஓட்டை வைத்து அவர் மனதை அளக்க முடியாது. அமெரிக்காவில் அந்தத் தடை இல்லை. கட்சியை எதிர்த்து ஓட்டுப் போட்டாலும் பதவி போகாது. யார் எப்படிப் போட்டார்கள் என்பதும் பெயர் பெயராகப் பதிவாகிறது. அதனால்தான் இந்த அளவீடே சாத்தியமாகிறது.

முதலில் கையால் செய்து பழகுங்கள். நம் ஆறு பேரில் குரூஸ், ரூபியோ, ராண்ட் பால் மூவரும் செனட்டர்கள். செனட்டில் (அமெரிக்க நாடாளுமன்றத்தின் மேலவை) நடந்த நான்கு ஓட்டெடுப்புகள்:

2013 ஜனவரி 1, வரி ஒப்பந்தம் (89–8 என்று நிறைவேறியது): ரூபியோ எதிர்ப்பு, ராண்ட் பால் எதிர்ப்பு. குரூஸ் அப்போது இன்னும் பதவியேற்கவில்லை.

2013 ஜூன், குடியேற்றச் சீர்திருத்த மசோதா (68–32): ரூபியோ ஆதரவு (அதை உருவாக்கிய எட்டு பேரில் அவரும் ஒருவர்), மற்ற இருவரும் எதிர்ப்பு.

2013 அக்டோபர், முடங்கிக் கிடந்த அரசு அலுவலகங்களைத் திறக்கும் மசோதா (81–18): மூவரும் எதிர்ப்பு.

2015 ஜூன், குடிமக்களின் தொலைபேசிப் பதிவுகளை அரசு மொத்தமாகச் சேகரிப்பதை நிறுத்தும் மசோதா (67–32): குரூஸ் ஆதரவு, ரூபியோ எதிர்ப்பு, ராண்ட் பால் எதிர்ப்பு.

இப்போது யாரும் யாரும் எத்தனை முறை ஒத்துப்போகிறார்கள் என்று எண்ணுங்கள். ரூபியோவும் ராண்ட் பாலும் 4இல் 3. குரூஸும் ராண்ட் பாலும் 3இல் 2. குரூஸும் ரூபியோவும் 3இல் 1. அப்படியானால் ரூபியோவும் ராண்ட் பாலும்தான் நெருங்கியவர்கள் என்று ஆகிறது. இது தவறு. அந்தக் கடைசி ஓட்டைப் பாருங்கள்: மசோதா நாட்டின் பாதுகாப்பைப் பலவீனப்படுத்துகிறது என்று ரூபியோ எதிர்த்தார், ஒட்டுக்கேட்பை அது போதுமான அளவு தடுக்கவில்லை என்று ராண்ட் பால் எதிர்த்தார். ஒரே "இல்லை", காரணங்கள் நேர் எதிர். 2013 வரி ஓட்டிலும் இதே கதைதான். எதிர்த்த எட்டு பேரில் ஜனநாயகக் கட்சியின் டாம் ஹார்கினும் இருந்தார். அவர் குறை, பணக்காரர்களுக்கு விட்டுக்கொடுத்தது அதிகம் என்பது.

இந்த இடத்தில் கொஞ்சம் நேரம் செலவிடுங்கள். ஓட்டு என்பது யார் பக்கம் நின்றார் என்பதைத்தான் காட்டும், ஏன் நின்றார் என்பதைக் காட்டாது. இனி வரும் எல்லா எண்களுக்கும் இது பொருந்தும்.

படி 3: பெரிய அளவில் செய்த கணக்கைக் கடன் வாங்குங்கள்

நாலு ஓட்டு ஏமாற்றும். நூற்றுக்கணக்கில் சேர்த்தால் படம் தெளிகிறது. கீத் பூல், ஹோவர்ட் ரோசன்தால் என்ற இரு ஆய்வாளர்கள் 1980களில் இதற்காக உருவாக்கிய முறைக்கு நாமினேட் என்று பெயர். எது கன்சர்வேட்டிவ் ஓட்டு என்று இதில் மனிதர் யாரும் முடிவு செய்வதில்லை. யார் யாரோடு சேர்ந்து ஓட்டுப் போடுகிறார்கள் என்பதை மட்டும் வைத்து, கணினி எல்லோரையும் ஒரு கோட்டில் வரிசையாக நிறுத்துகிறது. கோட்டின் இடது முனை −1, வலது முனை +1. வோட்வியூ என்ற தளத்தில் எல்லா உறுப்பினர்களின் எண்ணும் இலவசமாகக் கிடைக்கிறது.

அதில் ரூபியோ சுமார் 0.6 அருகில் இருக்கிறார். குரூஸும் ராண்ட் பாலும் அவரைவிட நன்றாக வலப்பக்கம், 0.8ஐ ஒட்டியும் அதற்கு மேலும். நம் நான்கு ஓட்டுக் கணக்கு சொன்னதற்கு இது நேர்மாறு. இந்த எண்ணை ஷீட்டில் எழுதுங்கள், ஆனால் படி 2இல் பார்த்ததை மறக்காதீர்கள். இடதுசாரி செனட்டர்களில் எலிசபெத் வாரனைவிட பெர்னி சாண்டர்ஸ் நடுவுக்கு நெருக்கமானவர் என்றும் இதே அளவுகோல் காட்டுகிறது. இரண்டு பேரின் கொள்கைகளையும் படித்தவர்கள் ஏற்கத் தயங்கும் முடிவு அது.

படி 4: மதிப்பெண் அட்டைகளில் விடுப்பைக் கவனியுங்கள்

அமெரிக்கன் கன்சர்வேட்டிவ் யூனியன் போன்ற அமைப்புகள் தாங்களே சில ஓட்டுகளைத் தேர்ந்தெடுத்து, நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பெண் போடுகின்றன. பார்க்கச் சுலபம். எந்த ஓட்டுகளைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று மட்டும் அவசியம் பாருங்கள்.

அப்புறம், பிரசாரத்தில் ஊர் ஊராக அலையும் செனட்டர் பாதி ஓட்டெடுப்புக்கு வரமாட்டார். 2007இல் செனட்டிலேயே அதிக லிபரல் (கன்சர்வேட்டிவுக்கு எதிர்ப்பக்கம்) அப்போது செனட்டராக இருந்த ஒபாமாதான் என்று நேஷனல் ஜர்னல் இதழ் தரவரிசை போட்டது. எடுத்துக்கொண்ட 99 ஓட்டுகளில் அவர் போட்டது 66 மட்டுமே. குடியரசுக் கட்சி செனட்டர் ஜான் மெக்கெய்ன் அவ்வளவுகூட வராததால் அவருக்கு மொத்த மதிப்பெண்ணே கிடைக்கவில்லை. ஆகவே "போட்ட ஓட்டுகள்" என்று தனிப் பத்தி ஒன்று வையுங்கள்.

படி 5: ஓட்டே இல்லாதவர்கள்

உண்மையான உழைப்பு இங்கேதான். கேசிக்குக்கு 1983 முதல் 2001 வரை பிரதிநிதிகள் சபையில் (கீழவை) பதிவு உண்டு, ஆனால் அது பழசு. அதற்குள்ளேயே 1994இல் ராணுவ பாணித் துப்பாக்கிகளுக்கான தடையை ஆதரித்த ஓட்டு இருக்கிறது. ஆளுநரானபின் 2013இல் ஒபாமா சட்டத்தின் வழியே ஏழைகளுக்கான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமான மெடிக்கெய்டை ஒஹையோவில் விரிவாக்கினார்.

ஜெப் புஷ் வேறு மாதிரி. 2015இல் அவரை மிதவாதி என்றார்கள். குடியேற்றம் பற்றி அவர் பேசிய தொனி அப்படி. ஆனால் 1999 முதல் 2007 வரை ஃப்ளோரிடா ஆளுநராக வரிகளைக் குறைத்தார், பல்கலைக்கழக அனுமதியில் இன அடிப்படையிலான முன்னுரிமையை நீக்கினார், 2005இல் தற்காப்புக்குத் துப்பாக்கியைப் பயன்படுத்தும் உரிமையை விரிவாக்கும் சட்டத்தில் கையெழுத்திட்டார். தொனிக்கும் செயலுக்கும் இவ்வளவு இடைவெளி இருக்கும்போது நான் செயலுக்கே அதிக எடை தருவேன்.

நன்கொடையும் ஒரு தடயம். யார் யாருக்கெல்லாம் பணம் கொடுக்கிறார்கள் என்பதை வைத்து வேட்பாளர்களை வரிசைப்படுத்தும் முறையை ஆடம் பொனிகா உருவாக்கினார். ஓட்டுப் பதிவே இல்லாத ஆளுநர்களையும் செனட்டர்களோடு ஒரே கோட்டில் வைக்க இது உதவும்.

படி 6: ஷீட்டை நிரப்புங்கள்

எல்லா எண்களையும் கூட்டிச் சராசரி போடாதீர்கள். ஒவ்வோர் அளவுகோலிலும் இந்த ஆறு பேரில் அவர் எத்தனையாவது என்று இடத்தை மட்டும் எழுதுங்கள். தகவல் இல்லாத கட்டத்தை வெறுமையாகவே விடுங்கள். குரூஸ் எல்லாப் பத்தியிலும் முதல் இரண்டு மூன்று இடங்களுக்குள் நிற்பார். அவரைப் பற்றிய கேள்வி அங்கேயே முடிகிறது. ராண்ட் பால் பொருளாதாரத்தில் உச்சம், பாதுகாப்பில் கீழே. இந்த முரணை அழித்துவிடாதீர்கள். அவரைப் பற்றித் தெரிய வேண்டியதே அதுதான்.

டிரம்பின் வரிசை ஏறக்குறைய காலியாக இருக்கும். அதுவரை பதவி எதுவும் வகித்ததில்லை, ஓட்டில்லை. இரு கட்சிகளுக்கும் நன்கொடை கொடுத்தவர். 1999இல் கருக்கலைப்பு உரிமையை ஆதரித்துத் தொலைக்காட்சியில் பேசினார். பெரும் பணக்காரர்களின் சொத்துக்கு ஒரே ஒரு முறை 14.25% வரி போடலாம் என்றார். இவற்றை மட்டும் எழுதியிருந்தால் அவரை நடுவில் வைத்திருப்பீர்கள். அதனால் கடைசியாக ஒரு பத்தி சேருங்கள்: "யாரை நியமிப்பேன் என்கிறார்?" 2016 மே மாதம் அவர் உச்ச நீதிமன்றத்துக்கான 11 பெயர்களை வெளியிட்டார். பதவிக்கு வந்தபின் மூன்று நீதிபதிகளை நியமித்தார். 2022 ஜூனில் கருக்கலைப்புக்கான அரசியலமைப்பு உரிமையை ரத்து செய்த தீர்ப்பில் அந்த மூவரும் பெரும்பான்மையோடு நின்றார்கள்.