சீற்றில் தொடங்காதீர்கள்: பழைய பிக்கப்பின் உட்புறத்தைப் புதுப்பிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

"இஞ்சின் சோக்கா இருக்கு, உள்ளுக்குத்தான் பார்க்க ஏலாது." யாழ்ப்பாணத்தில் பழைய பிக்கப் வைத்திருப்பவர்களிடம் அடிக்கடி கேட்கிற பேச்சு இது. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி திறந்தது. திறந்த பிறகும் வரியோடு சேர்த்துப் பார்த்தால் புதிய டபுள் கப் (இரண்டு வரிசைச் சீற்) பிக்கப் ஒன்று தோட்டக்காரருக்கும் மீன் வியாபாரிக்கும் எட்டுகிற விலையில் இல்லை. ஆகவே 1988க்கும் 1997க்கும் இடையில் வந்த ஹைலக்ஸ்களும், அதே காலத்து நிசான், மஸ்டா பிக்கப்புகளும் இன்னும் வெங்காயமும் பீற்றூட்டும் ஏற்றிக்கொண்டு சுன்னாகம், திருநெல்வேலிச் சந்தைகளுக்கு ஓடுகின்றன. 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் ஒஸ்ரினையும் மொறிஸையும் மண்ணெண்ணெயில் ஓட்டிய ஊர் இது. பழைய வண்டியைக் கைவிடாத பழக்கம் எங்களுக்கு உண்டு. ஆனால் அந்தக் கவனம் பெரும்பாலும் பொனெற்றுக்குக் கீழேயே நின்றுவிடுகிறது.

உட்புறத்தைச் சரிசெய்ய நினைத்தவுடன் எல்லோரும் நேரே போவது குஷன் அடிக்கிற கடைக்கு. புது ரெக்சின், புதுக் கார்ப்பெட், டாஷ்போர்டுக்கு மினுக்கல். ஒரு நாளில் வண்டி பளபளக்கும். கார்த்திகை மாத மழை இரண்டு பெய்ததும் கார்ப்பெட்டுக்கு அடியிலிருந்து புளித்த மணம் வரத் தொடங்கும். பிறகு செலவழித்ததையெல்லாம் மறுபடி கழற்ற வேண்டும். நான் சொல்ல வருவதெல்லாம் ஒரே விஷயத்தைச் சுற்றியதுதான்: எங்கள் ஊரில் வண்டியின் உட்புறத்தைக் கெடுப்பவை கீழே தேங்கும் தண்ணீரும் மேலே எரிக்கும் வெயிலும். இவற்றுக்கு வழி பார்க்காமல் துணி மாற்றினால் காசு வீண்.

தண்ணீர் எங்கே வருகிறது என்று தெரியாமல் கார்ப்பெட் போடுவது

பழைய பிக்கப்புக்குள் தண்ணீர் வர நாலைந்து வழிகள் உண்டு. முன்கண்ணாடியைச் சுற்றியுள்ள றப்பர் வெயிலில் இறுகி, மூலைகளில் விலகியிருக்கும். கண்ணாடிக்குக் கீழே, வைப்பர் இருக்கும் பள்ளத்தில் வேப்பிலையும் தூசியும் அடைத்துக்கொண்டால் அங்கே நிற்கும் தண்ணீர் டாஷ்போர்டுக்குப் பின்னால் இறங்கும். ஏசி உள்ள வண்டியில், உள்ளே சேரும் தண்ணீரை வெளியே விடும் சிறு குழாய் அடைபட்டால் பயணி பக்கத்துக் கார்ப்பெட் எப்போதும் ஈரமாக இருக்கும். மழையே பெய்யாத ஆனியிலும் ஈரமென்றால் முதலில் பார்க்க வேண்டிய இடம் அதுதான்.

நாலாவது வழி கதவு. கதவின் உட்பலகைக்குப் பின்னால் ஒரு பொலித்தீன் தாள் ஒட்டியிருக்கும். கண்ணாடி வழியாகக் கதவுக்குள் இறங்கும் மழைத்தண்ணீர் கேபினுக்குள் வராமல் தடுப்பது அதுதான். கண்ணாடி ஏற்றும் பொறியைத் திருத்தியவர்கள் அதைக் கிழித்து எறிந்துவிட்டு, பலகையை மட்டும் திரும்பப் பூட்டியிருப்பார்கள். உட்பலகையின் கீழ்ப்பகுதி ஊதி, பிளந்து நிற்கிறதென்றால் காரணம் பெரும்பாலும் இதுவே. தடித்த பொலித்தீனை வெட்டி, பழையது போலவே ஒட்டினால் போதும்; செலவு மிகக் குறைவு. அப்படியே கதவின் அடிவிளிம்பில் உள்ள வடிகால் துளைகளையும் ஒரு கம்பியால் குத்திப் பாருங்கள். கோப்பாய், உரும்பிராய்ப் பக்கம் ஓடிய வண்டிகளில் அந்தத் துளைகள் செம்மண்ணால் அடைபட்டு, கதவுக்குள் தண்ணீர் குளமாக நிற்கும்.

ஒழுக்கைக் கண்டுபிடிக்க ஒருவர் ரோச் லைற்றோடு உள்ளே இருக்க, இன்னொருவர் வெளியே நின்று குழாயால் தண்ணீர் விட வேண்டும். பலர் கூரையிலிருந்து ஊற்றத் தொடங்குவார்கள். அப்படிச் செய்தால் எல்லா இடமும் ஒரே நேரத்தில் நனையும், எது காரணம் என்று தெரியாது. கீழே கதவு விளிம்பில் தொடங்கி, மெல்ல மேலே ஏறுங்கள். எந்த உயரத்தில் உள்ளே சொட்டுகிறதோ அங்கேதான் ஓட்டை. இந்த வேலையை புரட்டாதிக்குள், வடகீழ்ப் பருவ மழை தொடங்குமுன் முடித்துவிடுவது நல்லது.

மீன் ஏற்றிய வண்டியென்றால் இன்னொரு கவனம் வேண்டும். ஐஸ் உருகிய தண்ணீரில் உப்பு இருக்கும். அது தரைத் தகரத்தின் மடிப்புகளில் தங்கி, காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். தரை முழுதாகக் காயவே காயாது. சீற்றையும் கார்ப்பெட்டையும் கழற்றிவிட்டு நன்றாகக் கழுவ வேண்டும். கழுவுகிற தண்ணீரையும் பாருங்கள். கரையோரங்களிலும் தீவுப் பக்கமும் பல கிணறுகளில் உவர் தண்ணீர்தான். கடைசி அலசலுக்காவது நல்ல தண்ணீர் கொண்டு வாருங்கள். வாசனைத் திரவியம் தெளிப்பதால் மீன் மணம் போகாது; உப்பும் அழுக்கும் போனால்தான் போகும்.

துருவின் மேல் தார்

தரையில் துருவைக் கண்டவுடன் அதன் மேல் கறுப்புத் தார்ப் பூச்சு அடித்து மூடிவிடுவது இங்கே சாதாரண வேலை. பார்க்கச் சுத்தமாக இருக்கும், அடியில் துரு தன் பாட்டில் தின்றுகொண்டிருக்கும். கம்பித் தூரிகையால் தளர்ந்த துருவைச் சுரண்டி, பொஸ்போரிக் அமிலம் கலந்த துருமாற்றியைப் பூசி, காய்ந்த பிறகு பிறைமர், தகர மடிப்புகளுக்கு சீலர், அதற்கு மேல் பெயின்ற் என்று போவதுதான் சரியான ஒழுங்கு.

ஓட்டை விழுந்திருந்தால் தகரம் வைத்து வெல்ட் பண்ண வேண்டும். சீற்றும் சீற் பெல்ற்றும் பூட்டும் இடங்களில் ஃபைபர் ஒட்டி மறைக்க யாரையும் விடாதீர்கள். விபத்தில் உங்கள் உடம்பின் பாரத்தைத் தாங்குவது அந்த இடங்கள்தான். வெல்ட் பண்ணுமுன் பற்றரியைக் கழற்றி, கார்ப்பெட், ஃபோம் எல்லாவற்றையும் வெளியே எடுத்து, அடியில் டீசல் குழாய் எந்தப் பக்கம் ஓடுகிறதென்று பார்த்துக்கொள்ளுங்கள். ஃபோமில் பொறி விழுந்தால் தீ பிடிப்பதும் கேபின் புகையால் நிறைவதும் மிக வேகமாக நடக்கும்.

தரைவிரிப்பைப் பற்றி என் கருத்து சிலருக்குப் பிடிக்காது. வேலை செய்கிற சிங்கிள் கப் (ஒரே வரிசைச் சீற்) பிக்கப்புக்குக் கார்ப்பெட் வேண்டாம். அந்தக் காலத்து வேலை பிக்கப்புகள் பல, தொழிற்சாலையிலேயே றப்பர் அல்லது வினைல் விரிப்போடு வந்தவைதான். செம்மண் காலோடு ஏறுகிற வண்டிக்கு அதுவே பொருத்தம். வீட்டு ஹோலில் விரிக்கும் கார்ப்பெட்டை வெட்டிப் பசையால் ஒட்டுவது எல்லாவற்றிலும் மோசம். அடியில் சாக்கு விரித்தால் அது தண்ணீரைக் குடித்து வைத்துக்கொள்ளும். எதைப் போட்டாலும் ஒட்டாதீர்கள். தூக்கிப் பார்க்கவும் காயவைக்கவும் முடிய வேண்டும்.

கழற்றும்போதே உடைப்பது

முப்பது வருடத்துப் பிளாஸ்ரிக்கை அவசரப்பட்டு இழுத்தால் உடையும். வண்டியைச் சிறிது நேரம் வெயிலில் விட்டு, பிளாஸ்ரிக் சூடேறிய பிறகு கழற்றினால் கிளிப்புகள் கொஞ்சம் வளைந்து கொடுக்கும். கழற்றுகிற ஒவ்வொன்றையும் ஃபோனில் படம் எடுங்கள். திருகாணிகளை இடவாரியாகத் தனித்தனி டப்பாவில் போட்டுப் பெயர் எழுதுங்கள். நீளமான ஆணியைத் தவறான இடத்தில் முடுக்கினால் உள்ளே வயரையோ கண்ணாடியையோ குத்தும்.

கையால் சுற்றும் கண்ணாடிப் பிடியில் திருகாணி தெரியாது. ஸ்குரூட்றைவரைக் கொடுத்து நெம்பிப் பலகையைப் பிளந்த வண்டிகள் ஏராளம். பிடிக்குப் பின்னால் லாடம் போன்ற சிறிய கம்பி கிளிப் ஒன்றுதான் அதைப் பிடித்திருக்கிறது. ஒரு துணித்துண்டைப் பிடிக்கும் பலகைக்கும் இடையில் செருகி, இரு முனைகளையும் பிடித்து இப்படியும் அப்படியும் இழுத்தால் துணி அந்த கிளிப்பைக் கவ்விக்கொண்டு வந்துவிடும். கிளிப் தெறித்து ஓடும், ஒரு கையால் மறைத்துக்கொள்ளுங்கள்.

பிந்திய 90களுக்குப் பிறகு வந்த வண்டியென்றால் ஸ்ரியரிங்கில் எயார்பாக் இருக்கலாம். மஞ்சள் நிறக் கனெக்டரைக் கண்டால் கை வைக்காமல், அது தெரிந்தவரிடம் விடுங்கள்.

சீற்: மேலே புதுசு, உள்ளே பழசு

இங்கேதான் காசு அதிகம் போகிறது, ஏமாற்றமும் அதிகம். எங்கள் வண்டிகளில் ஸ்ரியரிங் வலப்பக்கம். சாரதி இறங்கும்போதெல்லாம் சீற்றின் வலது ஓரத்தில் உரசி இறங்குவார். அந்த ஓரத்தில் ஃபோம் நொறுங்கி, அடியில் ஸ்பிரிங் கம்பி உடைந்து அல்லது கொளுவி விட்டுப்போயிருக்கும். அதைப் பார்க்காமல் புது உறை போட்டால் சில மாதத்தில் அதே இடத்தில் உறை கிழியும். முதலில் சட்டகத்தை நிர்வாணமாகக் கழற்றி, ஸ்பிரிங்கைச் சரிபார்த்து, வெடிப்பை வெல்ட் பண்ணி, பெயின்ற் அடியுங்கள்.

அடுத்தது ஃபோம். மெத்தைக்குப் போடும் இலேசான ஃபோமைத் தடிப்பாக வைத்தால் முதல் நாள் சொகுசாக இருக்கும், பிறகு தட்டையாகும். கனமீற்றருக்கு 40 கிலோவுக்குக் குறைந்த அடர்த்தியுள்ளதை நான் சீற்றுக்குச் சிபாரிசு செய்ய மாட்டேன். பழைய வார்ப்பு ஃபோம் பெரும்பகுதி நன்றாக இருந்தால் அதை எறியாமல், கெட்ட ஓரத்தை மட்டும் வெட்டி ஒட்டச் சொல்லுங்கள். வடிவம் அதில்தான் இருக்கிறது. அளவுக்கு மேல் உயர்த்தினால் தலை கூரையில் முட்டும், ஸ்ரியரிங் தொடையில் இடிக்கும்.

பழைய உறையையும் குப்பையில் போட விடாதீர்கள். தையலைப் பிரித்து விரித்தால் அதுவே வெட்டுவதற்கான அளவு. குஷன் அடிக்கிற அண்ணைமார் கண்ணளவில் வெட்டக்கூடிய கெட்டிக்காரர்கள்தான், என்றாலும் மாதிரி கையில் இருந்தால் மூலைகள் சுருங்காமல் வரும். உறைக்குள் ஓடும் கம்பிகளையும் புது உறைக்கு மாற்றச் சொல்லுங்கள். அவை இல்லாவிட்டால் நடுப்பள்ளம் மேலெழுந்து நிற்கும்.

துணியா ரெக்சினா என்பது வேலையைப் பொறுத்தது. மீனும் உரமும் ஏற்றினால் ரெக்சின்தான் துடைக்க வசதி. ஆனால் மெல்லிய கறுப்பு ரெக்சின் யாழ்ப்பாண வெயிலுக்குத் தாங்காது. மத்தியானத்தில் அதன் மேல் உட்காரவும் முடியாது. சாம்பல், மண்நிறம் போன்ற வெளிறிய நிறமே மேல். நூலைப் பற்றி யாரும் கேட்பதில்லை. பருத்தி நூல் வியர்வையில் இற்றுப்போகும், தடித்த பொலியெஸ்ரர் நூல் வெயிலையும் தாங்கும். கடையில் இதைக் கேட்டு வாங்குங்கள்.

டாஷ்போர்டும் கூரையும்

வெயிலில் பூட்டி நிறுத்திய வண்டியின் டாஷ்போர்ட் மேற்பரப்பு ஏறக்குறைய 70 பாகை செல்சியஸ் வரை போகும். வினைலை மென்மையாக வைத்திருக்கும் எண்ணெய்ப் பொருள் அந்தச் சூட்டில் மெல்ல வெளியேறுவதால்தான் அது இறுகி வெடிக்கிறது. வெடிப்பில், வண்டியின் வெளித்தகரத்துப் பள்ளங்களை நிரப்பப் போடும் பட்டிப் பசையை நிரப்பாதீர்கள். பட்டி கல்லுப்போல இறுகும், டாஷ்போர்ட் சூட்டில் விரியும், இரண்டும் பிரியும். வளைந்து கொடுக்கும் பிளாஸ்ரிக் நிரப்பி வேண்டும். அதற்கும் முடியாத அளவு வெடித்திருந்தால் கொழும்பில் பழைய வாகன உதிரிப்பாகங்கள் விற்கும் பஞ்சிகாவத்தையில் பழைய டாஷ்போர்ட் தேடுவதே மலிவு.

இணையத்தில் வாங்குபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. இந்தக் காலத்து ஹைலக்ஸ் அமெரிக்காவில் வெறுமனே ரொயோட்டா பிக்கப் என்ற பெயரில்தான் விற்கப்பட்டது. அதற்கான டாஷ்போர்ட் மூடிகள் ஏராளமாகக் கிடைக்கும், எல்லாம் இடப்பக்க ஸ்ரியரிங்குக்கு. எங்கள் வண்டிக்குப் பொருந்தாது.

அழுக்கை எடுக்கத் தின்னர் போடுவது பெரிய தவறு. ஏபிஎஸ் (ABS) என்ற கடினமான பிளாஸ்ரிக் அதில் கரையும். சவர்க்காரத் தண்ணீரும் மென்மையான தூரிகையும் போதும். நிறம் அடிப்பதென்றால் துண்டின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள், என்ன பிளாஸ்ரிக் என்று அச்சிட்டிருக்கும். பிபி (PP, பொலிப்ரொப்பிலீன்) என்றிருந்தால் அதற்கென்றுள்ள பிறைமர் இல்லாமல் எந்தப் பெயின்ற்றும் ஒட்டாது, நகத்தால் உரியும். சிலிக்கோன் மினுக்கல் ஏற்கெனவே பூசியிருந்தாலும் பெயின்ற் ஒட்டாது. அந்த மினுக்கல் முன்கண்ணாடியில் பளிச்சென்று தெறித்துப் பார்வையை மறைக்கும் என்பதால் டாஷ்போர்டுக்கே அது வேண்டாம். ஸ்ரியரிங்கிலும் பெடலிலும் பூசுவது ஆபத்து.

தொங்கும் கூரைத்துணிக்கு வருவோம். துணிக்குப் பின்னால் இருந்த மெல்லிய ஃபோம் பொடியாகிப் பலகையில் அப்பிக்கிடக்கும். அதை முழுதாகத் துடைத்தெடுக்காமல் பசை பூசினால் பசை பொடியைத்தான் பிடிக்கும். சாதாரணப் பசை கூரைச் சூட்டில் இளகிவிடும், சூடு தாங்கும் பசையைக் கேளுங்கள்.

பெல்ற்

இதில் மட்டும் எனக்குச் சமரசம் இல்லை. நார் கிளம்பிய, வெயிலில் விறைத்த பெல்ற்றைச் சாயம் போட்டுப் புதுசாக்காதீர்கள், குளோரின் போட்டு வெளுக்கவும் வேண்டாம். இரண்டுமே நாரைப் பலவீனமாக்கும். அழுக்கென்றால் மெல்லிய சவர்க்காரத் தண்ணீரில் துடைத்து, முழுதாக வெளியே இழுத்து வைத்து நிழலில் காயவிடுங்கள். கிழிசல் இருந்தால் மாற்றியே ஆக வேண்டும். பெல்ற் ஆணி தொலைந்துவிட்டால் இரும்புக்கடை ஆணியைப் போடக் கூடாது. அது தனி உறுதியுள்ள, தனிப் புரியுள்ள ஆணி. இன்னொரு வண்டியின் பெல்ற்றோடு வந்ததை எடுங்கள்.

எல்லாம் பூட்டுமுன், வெறும் தரையோடு ஒரு மழையில் வண்டியை நிறுத்திப் பாருங்கள், அல்லது குழாய்ச் சோதனையை மறுபடி செய்யுங்கள். தரை காய்ந்திருந்தால் விரிப்பு, அதன் பிறகு சீற். சீற் தண்டவாளத்துக்குக் கொஞ்சம் கிரீஸ் வைத்து, நாலு ஆணிகளையும் முதலில் கையால் பிடித்துவிட்டு ஒன்றன்பின் ஒன்றாக இறுக்குங்கள். ஒரு கிழமை ஓடிய பிறகு அவற்றை மறுபடி ஒருமுறை இறுக்க வேண்டும்.