குடல் புற்றுநோய் அறுவைக்குப் பின் வீட்டில் நடக்கும் தவறுகள்

பெருங்குடலிலோ மலக்குடலிலோ இருந்த கட்டியை முழுதாக எடுத்துவிட்டோம் என்று மருத்துவர் சொன்னதும் குடும்பத்துக்குப் பாதி உயிர் திரும்பிவிடுகிறது. அதன்பின் வருகிற காய்ச்சல், வாந்தி, வயிற்று உப்பல் எல்லாவற்றுக்கும் வீட்டில் ஒரே விளக்கம்தான்: "பெரிய ஆபரேஷன், இப்படித்தான் இருக்கும்." அறுவையின் சிக்கல்களில் பல சரிசெய்யக்கூடியவை. இந்த ஒரு வாக்கியத்தால் போகும் இரண்டு மூன்று நாட்கள்தான் அவற்றை உயிர் ஆபத்தாக்குகின்றன.

எல்லாவற்றிலும் அஞ்ச வேண்டியது இணைப்புக் கசிவு. கட்டி இருந்த பகுதியை வெட்டியெடுத்தபின் குடலின் இரு முனைகளையும் தைத்தோ ஸ்டேப்ளர் கொண்டோ சேர்க்கிறார்கள். அந்த இணைப்பு ஆறாமல் விட்டுப்போனால் மலம் வயிற்றறைக்குள் கசியும். ஆசனவாய்க்கு எவ்வளவு அருகில் இணைப்பு இருக்கிறதோ அவ்வளவுக்கு ஆபத்து கூடுதல். பெரும்பாலும் முதல் பத்து நாட்களுக்குள் தெரிந்துவிடும்; சிலருக்கு டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்கு வந்தபிறகு தலைகாட்டும். வலியில் துடிப்பார், அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திருக்கக் கூடாது. நாடி வேகமாக அடிப்பது, நேற்றுவரை சாப்பிட்டவர் இன்று தட்டைத் தள்ளிவைப்பது, வயிறு உப்புவது, மூச்சு மேலும் கீழும் வாங்குவது, இவையே முதல் அறிகுறிகளாக இருக்கலாம். முதியவர்களுக்குப் பேச்சு குழறி, ஆள் தடுமாறுவது மட்டுமே தெரியக்கூடும்.

இந்த நேரத்தில் பாராசிட்டமால் கொடுத்துக் காய்ச்சலை இறக்கிவிட்டு "சரியாகிவிட்டது" என்று இருப்பது பெரும் தவறு. மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய ஆன்டிபயாடிக் அதைவிட மோசம். உள்ளே சீழ் சேர்ந்துகொண்டிருக்க, வெளியே நோய் அடங்கியதுபோல் காட்டும். தெருமுனை கிளினிக்கில் டைக்ளோஃபெனாக் ஊசி போட்டுக்கொள்வதும் வேண்டாம். அந்த வகை வலி மருந்துகள், உடலில் நீர் குறைந்தவருக்குச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். காய்ச்சல் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டாலே அறுவை செய்த மருத்துவமனைக்குத் தொலைபேசியில் சொல்லுங்கள். சென்னையிலோ வேலூரிலோ அறுவை செய்துகொண்டு ஊர் திரும்பியவர்கள் விடியட்டும், பஸ் பிடித்துப் போவோம் என்று இருக்க வேண்டாம். 108-ஐ அழைத்து அருகிலுள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போங்கள். டிஸ்சார்ஜ் சம்மரி கையில் இருக்கட்டும். எந்தக் குடலை எதனோடு இணைத்திருக்கிறார்கள் என்பது அதில்தான் இருக்கிறது.

மலக்குடலில் தாழ்வான இணைப்பு என்றால், அது ஆறும்வரை சிறுகுடலின் ஒரு பகுதியை வயிற்றின் மேல் திறந்துவைத்துப் பை மாட்டுவது வழக்கம். இதற்கு இலியாஸ்டமி என்று பெயர். இதை வைத்துக்கொண்டு வீட்டுக்கு வருகிறவர்கள் மீண்டும் அட்மிட் ஆவதற்கு முக்கியமான காரணம் நீர்ச்சத்து இழப்பு. அதற்கு நம் வீடுகளில் செய்யும் வைத்தியமோ அதைக் கூட்டிவிடுகிறது. பை நிறைய நிறையக் குடம் குடமாக வெறும் தண்ணீர் கொடுக்கிறோம், இளநீர் வெட்டிக் கொடுக்கிறோம், பழச்சாறு பிழிகிறோம். சாப்பாட்டிலுள்ள உப்பையும் நீரையும் உறிஞ்சி மீட்கிற பெருங்குடல் இப்போது வழியில் இல்லை. வெறும் தண்ணீர் சிறுகுடலுக்குள் போனால் உடலிலுள்ள உப்பு அதற்குள் இறங்குகிறது. உப்பு போகும் இடத்துக்கு நீரும் போகிறது. பை இன்னும் வேகமாக நிறைகிறது. இளநீரில் பொட்டாசியம் அதிகம், சோடியம் குறைவு. இங்கே தேவைப்படுவது சோடியம்.

ஆகவே பை அதிகம் நிறையும் நாட்களில் வெறும் தண்ணீரைக் குறைத்து, ஓஆர்எஸ் கரைசலைக் கூட்ட வேண்டும். அதையும் சரியாகக் கரைக்க வேண்டும். ஒரு லிட்டருக்கான பாக்கெட்டை ஒரு டம்ளருக்குக் கொஞ்சமாகக் கொட்டிக் கண்ணளவில் கலக்குவதைப் பல வீடுகளில் பார்க்கலாம். முழுப் பாக்கெட்டையும் அளந்த ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்து, அன்றைக்குள் வாய்வாயாகக் குடித்து முடிப்பதுதான் முறை. அட்டைப்பெட்டியில் வரும் இனிப்புப் பானம் ஓஆர்எஸ் ஆகாது. அதிலுள்ள சர்க்கரை போக்கை அதிகமாக்கும். உப்புப் போட்ட கஞ்சி நல்லது.

பையைக் காலி செய்யும்போது அளவுக் குவளையில் ஊற்றிக் குறித்துவையுங்கள். நாளுக்கு ஒன்றரை லிட்டரைத் தாண்டினால், அல்லது எழுந்து நிற்கும்போது தலை சுற்றி, கெண்டைக்கால் சதை இழுத்து, சிறுநீர் கடுந்தேநீர் நிறமானால், அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் சாப்பிடும் மாத்திரைகளில் சில, இந்த நிலையில் சிறுநீரகத்தைப் பாதிக்கும். எதை நிறுத்துவது, எதைத் தொடர்வது என்று அப்போதே கேளுங்கள். நீங்களாக முடிவு செய்ய வேண்டாம்.

பையைச் சுற்றித் தோல் வெந்துபோவது இன்னொரு துன்பம். சிறுகுடல் கழிவில் செரிமான நொதிகள் இருப்பதால் அது தோலை அரிக்கும். அதனால்தான் பிரிட்டனைச் சேர்ந்த அறுவை மருத்துவர் பிரையன் புரூக் 1952-இல் விவரித்த முறைப்படி, குடலின் முனையை மடித்துத் தோலுக்கு மேலே சற்று நீட்டித் தைக்கிறார்கள். கழிவு நேரே பைக்குள் விழும். தவறு நடப்பது, தோலில் ஒட்டிப் பையைத் தாங்கும் தட்டில் ஓட்டை வெட்டும் இடத்தில். வயிற்றின் மேல் தெரியும் குடல் வாயை ஸ்டோமா என்பார்கள்; அதைவிட இரண்டு மூன்று மில்லிமீட்டர் மட்டுமே பெரிதாக வெட்ட வேண்டும். அறுவை முடிந்த முதல் ஆறு முதல் எட்டு வாரங்களில் ஸ்டோமாவின் வீக்கம் வடிந்து அது சிறிதாகும். மருத்துவமனையில் கொடுத்த பழைய அளவிலேயே வெட்டிக்கொண்டிருந்தால் இடைவெளி விழுந்து அந்த வளையத்தில் தோல் வெந்துவிடும். வாரம் ஒருமுறை அளந்து பாருங்கள். வெந்த இடத்தில் தேங்காய் எண்ணெயோ டெட்டாலோ தடவாதீர்கள். எண்ணெய் மேல் தட்டு ஒட்டாது. டெட்டால் புண்ணை எரித்துப் பெரிதாக்கும். ஸ்டோமா இளஞ்சிவப்பாகவோ சிவப்பாகவோ ஈரமாக இருக்க வேண்டும். கருநீலமானால் காத்திருக்காதீர்கள்.

பத்தியம் என்ற பெயரில் வாரக்கணக்கில் ரசம் சாதமும் அரிசிக் கஞ்சியும் மட்டும் கொடுப்பது எனக்குப் பெரும் வருத்தம் தருகிறது. கிழிந்த திசு ஆறப் புரதம் வேண்டும். முட்டை, மீன், குழைந்த பருப்பு, தயிர் எல்லாம் மருத்துவர் அனுமதித்ததும் கொடுக்கலாம். இலியாஸ்டமி உள்ளவர்கள் முதல் சில வாரங்களுக்கு முருங்கைக்காய்ச் சக்கை, தேங்காய்த் துண்டு, வேர்க்கடலை, சோளம், காளான் ஆகியவற்றைத் தவிர்ப்பது நல்லது. அவை ஸ்டோமாவின் வாயிலில் அடைத்துக்கொள்ளும். பைக்குள் ஒன்றும் வராமல் வயிறு இழுத்துப் பிடித்து வாந்தியும் வந்தால் அது அடைப்பு. அதற்குப் பேதி மருந்து கொடுக்கவே கூடாது.

படுக்கையிலேயே வைத்துத் தாங்குவதும் அன்பின் பெயரால் நடக்கும் தவறு. புற்றுநோயும் அறுவையும் சேரும்போது கால் இரத்தக் குழாய்களில் இரத்தம் உறையும் வாய்ப்பு கூடுகிறது. உறையாமலிருக்கப் போடும் ஊசியைப் பலருக்கு 28 நாட்கள் வரை எழுதிக்கொடுப்பார்கள். தையல் பிரித்தாயிற்று என்று நடுவில் நிறுத்திவிடாதீர்கள். ஒரு கால் மட்டும் வீங்கினாலோ திடீரென மூச்சுத் திணறினாலோ அவசரம். நடக்கச் சொல்லலாம், தண்ணீர்க் குடமும் எரிவாயு சிலிண்டரும் தூக்கச் சொல்லக் கூடாது. தையலும் ஸ்டோமாவும் உள்ள வயிற்றில் குடலிறக்கம் வரும்.

ஸ்டோமாவை மூடிப் பையை எடுத்த பிறகு, மலக்குடல் இல்லாததால் ஒரு நாளில் பலமுறை, அதுவும் அடக்க முடியாத அவசரத்தில், போக வேண்டிவரும். பலருக்கு இது மாதக்கணக்கில் நீடிக்கும். வெளியே சொல்ல வெட்கப்பட்டு, கல்யாணத்துக்கும் கோயிலுக்கும் போகாமல், சாப்பாட்டையே குறைத்துக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். மாத்திரை, இசப்கோல், இடுப்புத்தளத் தசைப் பயிற்சி, ஆசனவாய் வழி நீர்க்கழுவல் என்று இதற்கு வழிகள் உண்டு. மருத்துவரிடம் எத்தனை முறை என்று எண்ணிக்கையோடு சொல்ல வேண்டும்.

சிக்கலில் அடிபட்ட குடும்பங்கள் "பட்டது போதும்" என்று கீமோதெரபிக்குப் போகாமல் இருந்துவிடுகின்றன. தேவைப்படுபவர்களுக்கு அறுவை முடிந்து எட்டு வாரங்களுக்குள் அதைத் தொடங்குவதே விரும்பத்தக்கது. தள்ளத் தள்ளப் பலன் குறையும். புண் ஆறவில்லை என்றாலும் புற்றுநோய் மருத்துவரைப் பார்த்து நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். கட்டி அடைத்ததால் அறுவைக்கு முன் பெருங்குடல் முழுவதையும் கொலோனோஸ்கோபியில் (ஆசனவாய் வழியே கேமராக் குழாய் விட்டுப் பார்க்கும் பரிசோதனையில்) பார்க்க முடியாமல் போனவர்களுக்கு, மிச்சப் பகுதியை மூன்று முதல் ஆறு மாதங்களில் பார்த்தாக வேண்டும். சிக்கலைக் கவனிப்பதிலேயே இது மறந்துபோகிறது. உங்கள் டிஸ்சார்ஜ் சம்மரியில் அந்தப் பரிசோதனை முழுமையாக நடந்ததா என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் அடுத்த முறை போகும்போது கேளுங்கள்.