தின்யனெல்லோ: எவ்வளவு நேரம் காற்று, எவ்வளவு குளிர்

தின்யனெல்லோ, இத்தாலியின் டஸ்கனி பகுதியில் அந்தினோரி குடும்பம் செய்யும் சிவப்பு வைன். அதன் பாட்டிலைக் கையில் எடுத்ததும் முதலில் பார்க்க வேண்டியது லேபிளில் உள்ள அறுவடை ஆண்டு. எப்போது நிமிர்த்தி வைப்பது, எந்தத் தக்கைத் திருகியால் திறப்பது, எவ்வளவு நேரம் காற்றாட விடுவது எல்லாம் அதை வைத்துத்தான். விளைச்சல் சரியில்லாத ஆண்டுகளில் அந்தினோரி குடும்பம் இந்த வைனைச் செய்வதே இல்லை. 1972, 1973, 1974, 1976, 1984, 1992, 2002 ஆகிய ஆண்டுகளுக்கு தின்யனெல்லோ கிடையாது. அந்த ஆண்டு போட்ட பாட்டிலை யாராவது விற்க வந்தால் வாங்காதீர்கள்.

1385 முதல் ஃபுளோரன்ஸில் வைன் தொழிலில் இருக்கும் குடும்பம் இது. கியான்டி கிளாசிகோ மலைப்பகுதியில், கடல்மட்டத்திலிருந்து 350 முதல் 400 மீட்டர் உயரத்தில், சுண்ணாம்புக் கல் நிறைந்த தென்மேற்குச் சரிவில் தின்யனெல்லோ தோட்டம் இருக்கிறது. அந்தப் பகுதியின் சிவப்பு வைனான கியான்டியில் வெள்ளைத் திராட்சையும் சேர வேண்டும் என்பது அன்றைய விதி. பியேரோ அந்தினோரியும் வைன் வல்லுநர் ஜாகோமோ தாக்கிஸும் அதிலிருந்து விலகினார்கள். அதனால் 1971 அறுவடை கியான்டி என்ற பெயரை விட்டுவிட்டு, வெறும் மேசை வைனாக, அதாவது சாதாரண வகையாக, வெளிவந்தது. 1975-இல் வெள்ளைத் திராட்சை முழுதாக நீங்கியது. 1982 முதல் திராட்சை வகைகளின் கலவை ஏறக்குறைய மாறவில்லை: சாஞ்சோவேசே 80 சதவீதம், கேபர்நே சோவின்யோன் 15, கேபர்நே ஃபிரான் 5.

இந்த விகிதம்தான் பரிமாறும் முறையையும் முடிவு செய்கிறது. சாஞ்சோவேசேயில் புளிப்பும் துவர்ப்பும் தூக்கல். அதிகம் குளிர்ந்தால் துவர்ப்பு நாக்கில் சுரண்டும். சூடேறினால் ஆல்கஹால் மட்டும் மூக்கில் அடிக்கும். 16 முதல் 18 டிகிரி செல்சியஸ் சரியான இடம். சிவப்பு வைனை அறை வெப்பத்தில் குடிக்க வேண்டும் என்ற பேச்சு ஐரோப்பாவின் பழைய கல்வீடுகளைப் பார்த்து வந்தது. 30 டிகிரி அறைக்குப் பொருந்தாது. அப்படிப்பட்ட அறையிலிருந்து எடுத்த பாட்டிலை ஃபிரிட்ஜில் ஒன்றரை மணி நேரம் வையுங்கள். அவசரமென்றால், ஐஸும் தண்ணீரும் கலந்த வாளியில் கால் மணி நேரம் போதும். வெறும் ஐஸ் பாட்டிலை முழுதாகத் தொடாது. தண்ணீர் இருந்தால்தான் குளிர் சீராக ஏறும். மேசைக்கு 15 டிகிரியில் வந்தால் நல்லது, கோப்பையில் தானே ஏறிவிடும்.

வாங்கி வைப்பதென்றால் 12 முதல் 14 டிகிரி, இருட்டு, பாட்டில் படுக்கை நிலை. சமையலறை அலமாரி வேண்டாம். சூட்டில் வைன் விரிந்து தக்கையைத் தள்ளும். தக்கை உறையை முட்டிக்கொண்டு நின்றாலோ கழுத்தில் பிசுபிசுப்பு இருந்தாலோ உள்ளே பழவாசம் வெந்துபோயிருக்க வாய்ப்பு அதிகம்.

பத்து ஆண்டு தாண்டிய பாட்டிலை, திறப்பதற்கு ஒரு நாள் முன்பே நிமிர்த்தி வையுங்கள். மண்டி அடியில் இறங்க அவ்வளவு நேரம் வேண்டும். உறையைக் கழுத்து வளையத்துக்குக் கீழே வெட்டி, பாட்டிலின் வாயைத் துடையுங்கள். திருகியை நடுவில் நேராக இறக்கி, கடைசிச் சுற்றை விட்டுவிடுங்கள். தக்கையை அது ஊடுருவினால் தூள் வைனில் விழும். இருபது ஆண்டுத் தக்கை ஊறி மெலிந்திருக்கும், சாதாரணத் திருகி அதைப் பிய்த்துவிடும். இரு பக்கமும் தகடு இறங்கிப் பிடிக்கும் திருகிதான் அதற்கு. அப்படியும் உடைந்தால் உள்ளே தள்ளிவிட்டு, வாசனையற்ற மெல்லிய துணியில் வடித்துக்கொள்ளலாம்.

டிகாண்டருக்கு, அதாவது வைன் காற்றாட ஊற்றி வைக்கும் கண்ணாடிக் குடுவைக்கு, மாற்றுவதற்கு முன் கொஞ்சம் ஊற்றி மோந்து பாருங்கள். ஈர அட்டைப்பெட்டி நாற்றம் வந்தால் அது தக்கைக் கெடுதல். எவ்வளவு காற்று பட்டாலும் போகாது. பாட்டிலைத் திருப்பிக் கொடுப்பதே வழி. தீக்குச்சி கிழித்த வாடை வேறு, அது பத்து நிமிடத்தில் கலைந்துவிடும்.

ஐந்து வயதுக்குள்ளான வைனை டிகாண்டரில் தாராளமாகக் கொட்டி, ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் விடுங்கள். பத்து வயதை ஒட்டியதற்கு அரை மணி நேரம். இருபது தாண்டியதற்கு இறுத்தல் மண்டியைப் பிரிக்க மட்டுமே, பரிமாறுவதற்குச் சற்று முன்பு. கழுத்துக்கடியில் விளக்கை வைத்து, நிறுத்தாமல் ஒரே சாய்வாக ஊற்றுங்கள். நடுவில் நிமிர்த்தினால் மண்டி கிளம்பிவிடும். மண்டியின் கருங்கோடு பாட்டிலின் தோளுக்கு வந்ததும் நிறுத்துங்கள். அடியில் தங்கும் இரண்டு மூன்று மேசைக்கரண்டி போனால் போகட்டும்.

வயிறு அகன்ற கோப்பையில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 125 மில்லி. ஒரு பாட்டிலுக்கு ஆறு கோப்பை. உணவுக்கு டஸ்கனி வழக்கமே மிகப் பொருத்தம்: கரியடுப்பில் சுட்டு உள்ளே சிவப்பாக விட்ட தடித்த மாட்டிறைச்சி, காட்டுப்பன்றிக் குழம்போடு பாப்பர்தெல்லே என்ற அகலப் பாஸ்தா, முதிர்ந்த பெகொரீனோ என்ற ஆட்டுப்பால் சீஸ். இறைச்சியின் புரதமும் கொழுப்பும் உப்பும் துவர்ப்பை அடக்கும். மிளகாய்க் காரத்தோடு வேண்டாம், ஆல்கஹால் எரிச்சலைக் கூட்டும்.

மிஞ்சியதைப் பாட்டிலுக்குத் திருப்பி, மூடி, ஃபிரிட்ஜில் வைத்தால் இளம் வைன் இரண்டு மூன்று நாள் தாங்கும். பழையது அன்றிரவே முடிய வேண்டும். டிகாண்டரைச் சோப்பில்லாமல் வெந்நீரில் அலசி, கவிழ்த்து உலர்த்துங்கள்.