அளவில்லாதது தட்டுதான், அடுப்பு இல்லை: யாகினிகு கடையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் ஊரிலிருந்து வந்த நான்கு நண்பர்களை டோக்கியோவின் ஷின்ஜுகுவில் ஒரு யாகினிகு கடைக்கு அழைத்துப் போனேன். உட்கார வைத்துவிட்டுக் கை கழுவப் போனேன். திரும்பி வருவதற்குள், மேசையில் இருந்த டேப்லெட்டை ஆளாளுக்குத் தட்டி, பதினெட்டுத் தட்டு இறைச்சி ஆர்டர் செய்திருந்தார்கள். "டேய், எவ்வளவு வேணும்னாலும் சாப்பிடலாம்னு நீதானே சொன்ன?" என்று ஒருவன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒன்பது வருடத்துக்கு முன் ஒசாகாவில் நான் அடித்த கூத்து அப்படியே கண்முன் வந்து நின்றது.

முதன்முறை போகிறவர்களுக்காக இரண்டு வரி. யாகினிகு என்றால் சுட்ட இறைச்சி. மேசை நடுவில் அடுப்பு இருக்கும், மேலே கம்பிவலை. பச்சையாக வரும் மெல்லிய துண்டுகளை நாமே சுட்டு, 'தாரே' என்கிற இனிப்பும் உப்புமான சாஸில் தொட்டுச் சாப்பிட வேண்டும். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஜப்பானில் வாழ்ந்த கொரியர்களின் சிறு கடைகளிலிருந்து வளர்ந்த உணவு இது. மெனுவில் கிம்ச்சி ஊறுகாயும் பிபிம்பா என்கிற கலவைச் சோறும் இருப்பது அதனால்தான். 'தபேஹோதாய்' என்றால் ஒரே விலை, குறிப்பிட்ட நேரம், அதற்குள் எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம். பெரும்பாலும் 90 முதல் 120 நிமிடம் தருவார்கள். சாதாரணக் கடையில் ஆளுக்கு 3,000 யென்னிலிருந்து 5,000 யென் வரை ஆகும்.

சாப்பிடும் குச்சியைச் சோற்றில் செங்குத்தாக நட்டு வைக்காதீர்கள், சத்தம் போடாதீர்கள் என்பதையெல்லாம் நான் சொல்லப்போவதில்லை. அவை எல்லாருக்கும் தெரிந்தவை.

கோர்ஸ் பக்கத்தை முழுக்கப் படிக்காமல் 'சரி' என்பது

வழக்கமாக மூன்று விலைகளில் கோர்ஸ் இருக்கும். மலிவானதில் பன்றி, கோழி, ஓரிரண்டு வகை மாட்டிறைச்சி. நடு விலையில் நாக்கும், 'கருபி' என்கிற விலாப் பகுதி இறைச்சியில் நல்லதும் சேரும். மேல் விலையில் வாக்யு, அதாவது ஜப்பானிய மாட்டு இனத்தின் இறைச்சி, என்று எழுதியிருக்கும். என்னைக் கேட்டால் நடு விலை போதும். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: ஒரு மேசையில் இருக்கும் பெரியவர்கள் எல்லாரும் ஒரே கோர்ஸ் எடுக்க வேண்டும் என்பது அநேகமாக எல்லாக் கடையிலும் விதி. ஒருவர் மட்டும் காசு கொடுத்து நான்கு பேர் பங்கு போட்டுக்கொள்ள முடியாது. குளிர்பானமும் பீரும் பெரும்பாலும் தனிக் கணக்கு. அவையும் அளவில்லாமல் வேண்டுமென்றால் 'நோமிஹோதாய்' சேர்க்க வேண்டும். பீர் அதிகம் குடிக்காதவர்களுக்கு அது நட்டம். தண்ணீருக்குக் காசு கிடையாது.

முதல் பத்து நிமிடத்தில் எல்லாவற்றையும் வரவழைப்பது

இதைப் பற்றித்தான் நான் எழுத உட்கார்ந்தேன். மற்றதெல்லாம் சும்மா ஒட்டிக்கொண்டவை.

ஒன்பது வருடத்துக்கு முன், ஒசாகாவின் சுருஹாஷி. ரயிலை விட்டு இறங்கும்போதே நடைமேடையில் இறைச்சி சுடும் வாசம் அடிக்கும் இடம். நானும் அலுவலக நண்பர் ஒருவரும் நல்ல பசியில் ஒரு கடைக்குள் நுழைந்தோம். 90 நிமிடம்தான் என்றதும் எனக்குப் படபடப்பு. இரண்டே பேருக்குப் பன்னிரண்டு தட்டு சொன்னேன். அதில் நான்கு தட்டு ஹொருமோன், அதாவது குடல் வகை. சமையலறையில் வெட்டித் தட்டில் வைக்கிற வேலை மட்டும்தானே? ஐந்து நிமிடத்தில் எல்லாம் வந்து இறங்கின. மேசையில் தண்ணீர் டம்ளர் வைக்க இடமில்லை. கிம்ச்சிக் கிண்ணத்தை நண்பர் மடியில் வைத்துக்கொண்டார்.

சமையலறை நம்மை எப்போதும் காக்க வைக்காது. காக்க வைப்பது அடுப்பு. அந்தக் கம்பிவலை ஒரு சாப்பாட்டுத் தட்டை விடக் கொஞ்சம் பெரியது. இடைவெளி விட்டு வைத்தால் எட்டு அல்லது பத்துத் துண்டு கொள்ளும். மெல்லிய துண்டு ஓரிரு நிமிடத்தில் வெந்துவிடும். கனமான பன்றியும் குடலும் ஐந்து நிமிடத்துக்கு மேல் கேட்கும். ஆக, டேப்லெட்டில் எவ்வளவு வேகமாகத் தட்டினாலும் சாப்பாட்டின் வேகத்தை நிர்ணயிப்பது அந்த வலைதான். நீங்கள் கூடுதலாகச் சொன்னது எல்லாம் மேசையில் வரிசையில் நிற்கும். நிற்க நிற்கக் குளிர்ச்சி போய், நீர் விட்டு, ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.

அப்புறம் பொறுமை போகும். "எல்லாத்தையும் மொத்தமா போடுங்க பாஸ்" என்றார் நண்பர். போட்டேன். குடலில் இருக்கும் கொழுப்பு உருகி நெருப்பில் சொட்டியதும் தீ குபீரென்று எழும்பியது. பக்கத்து மேசைக் குழந்தை கை தட்டியது. பணியாள் ஓடிவந்து ஐஸ் கட்டிகளை வலைமேல் வைத்துத் தீயை அடக்கினார். அதுதான் வழக்கமான வைத்தியம். தீ எழும்பினால் தண்ணீர் ஊற்றாதீர்கள், ஐஸ் கேளுங்கள். வெளியே கரி, உள்ளே பச்சை. அவற்றைத் திருப்பிப் போட்டு, ஒதுக்கி, மறுபடி சுட்டு... இருபது நிமிடத்துக்குள் வலையை இரண்டு முறை மாற்றினார்கள்.

எழுபதாவது நிமிடத்தில் ஐந்து தட்டு மீதி. மெனுவின் கடைசிப் பக்கத்தில் இருந்த வரியை அப்போதுதான் நண்பர் படித்துக் காட்டினார்: மிச்சம் வைத்தால் தட்டுக்கு 500 யென். அதற்குப் பின் நாங்கள் சாப்பிட்டது சாப்பாடே இல்லை. கடன் அடைப்பது போல மென்றோம். இரண்டு தட்டை உள்ளே தள்ளினோம், மூன்று தட்டுக்கு 1,500 யென் கட்டினோம். இரவு முழுவதும் விடுதியில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். காசு போனதுகூடப் பரவாயில்லை. அந்தக் கடையின் ஹராமி, அதாவது உதரவிதான இறைச்சி, நன்றாக இருக்கும் என்று சொல்லித்தான் எங்களை அனுப்பினார்கள். அது எப்படி இருந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நெருப்பில் எந்தத் துண்டு எது என்றே அடையாளம் தெரியவில்லை.

இதைச் சொன்னால் எல்லாரும் திருப்பிச் சொல்வது ஒன்றுதான்: "கொடுத்த காசுக்குச் சாப்பிட வேண்டாமா?" சரி, கணக்கே போடுவோம். தனியாக வாங்கினால் சாதாரணக் கடையில் ஒரு தட்டு கருபி 600, 700 யென் வரும். 4,000 யென் கோர்ஸில் நீங்கள் ஆறு தட்டு சாப்பிட்டால் காசு வந்துவிட்டது. ஒன்றரை மணி நேரத்தில் ஆறு தட்டைப் பசியுள்ள ஒரு ஆள் பேசிக்கொண்டே முடிக்கலாம். இதற்கு ஓட்டப்பந்தயம் எதற்கு?

நான் இப்போது செய்வது இது. முதல் ஆர்டரில் உப்பு போட்ட நாக்கு, ஒரு தட்டு ஹராமி, கிம்ச்சி, இறைச்சியைச் சுற்றிச் சாப்பிடக் கீரை இலை. நாக்கு மெனுவில் 'டான்' என்று இருக்கும். எலுமிச்சைச் சாறு பிழிந்து சாப்பிட வேண்டும். நாக்கு என்றதும் முகம் சுளிக்கிறவர்கள்தான் இரண்டாவது தட்டும் கேட்பார்கள். உப்பு வகையை முதலில் முடித்துவிட்டு, தாரேயில் ஊறியதைப் பின்னால் போடுங்கள். தாரேயில் சர்க்கரை இருப்பதால் அது வலையில் ஒட்டிக் கருகும். அதற்கு மேல் சுடுவதெல்லாம் கசக்கும். வலை கறுத்ததும் "அமி கோகான் ஓநெகாய்ஷிமாஸ்" என்று சொல்லுங்கள், புது வலை வைப்பார்கள். நான் போன எந்தக் கடையிலும் இதற்குத் தனியாகக் காசு வாங்கியதில்லை. இரண்டு தட்டு காலியானால் இரண்டு தட்டு சொல்லுங்கள், அவ்வளவுதான். குடல் வேண்டுமென்றால் ஒரே ஒரு தட்டு, தோல் பக்கம் கீழே இருக்கும்படி ஓரமாக வைத்து, சுருளும்வரை விடுங்கள்.

இடுக்கியை ஒருவர் கையிலேயே கொடுங்கள். சட்டி வைத்துச் சமைக்கும் விருந்தில் எல்லாவற்றையும் தன் ஆட்சியில் வைத்துக்கொள்பவரை ஜப்பானியர் 'நாபே புக்யோ' என்று கிண்டல் செய்வார்கள். புக்யோ என்பது அந்தக் காலத்து அதிகாரிப் பதவி. யாகினிகு மேசைக்கும் அப்படி ஒரு அதிகாரி தேவை. ஷின்ஜுகுவில் நான் அதிகாரியாகப் பதவியேற்றபோது பதினெட்டுத் தட்டும் வந்துவிட்டிருந்தன.

ஒரே குச்சி

பச்சை இறைச்சியை எடுக்க இடுக்கி, சாப்பிடக் குச்சி. இரண்டையும் கலக்காதீர்கள். மேசை நிரம்பி அவசரம் வந்தால் முதலில் தவறிப்போவது இதுதான். சுஷி சாப்பிடும் நாடாயிற்றே, இறைச்சியும் பாதி வெந்தால் போதும் என்று ஒரு நினைப்பு நம்மவர்களுக்கு இருக்கிறது. 2011 ஏப்ரலில் 'யுக்கே' என்கிற பச்சை மாட்டிறைச்சி சாப்பிட்ட பலருக்கு ஓ111 வகை ஈகோலை கிருமி தொற்றி, 5 பேர் இறந்தார்கள். 2012 ஜூலையில் பச்சை மாட்டு ஈரல் விற்கத் தடை வந்தது, 2015 ஜூனில் பச்சைப் பன்றி இறைச்சிக்கும் தடை வந்தது. ஈரல், குடல், பன்றி, கோழி நான்கையும் நன்றாக வேகவிடுங்கள்.

மாட்டிறைச்சி சாப்பிடாதவரைச் சொல்லாமல் கூட்டிப்போவது

யாகினிகு என்றால் முதலில் மாடுதான். கருபி, ரோஸ், ஹராமி, டான் என்று மொட்டையாக எழுதியிருந்தால் பெரும்பாலும் மாட்டிறைச்சி. பன்றியின் பெயரில் 'புதா' அல்லது 'தொன்' இருக்கும், கோழியில் 'தோரி' இருக்கும். கோழியும் இறாலும் போதும் என்று ஒருவர் சொன்னாலும், எல்லாம் வேகும் வலை ஒன்றே. சூப்பிலும் மாட்டெலும்புச் சாறு இருக்கலாம். சைவ நண்பர் என்றால் இன்னும் பாவம்: பூசணி, மக்காச்சோளம், வெங்காயம், காளான் என்று நான்கைச் சுட்டுச் சாப்பிட்டுவிட்டு, எல்லாருக்கும் ஆன அதே 4,000 யென்னைக் கட்டுவார். அவரை வேறு கடைக்கு அழைத்துப் போங்கள், அல்லது அன்று யாருமே போகாதீர்கள்.

ஆட்டிறைச்சிக்காரர்களுக்கு வேறு வழி இருக்கிறது. ஹொக்கைடோ பக்கம் போனால் 'ஜிங்கிஸ்கான்' சாப்பிடுங்கள். நடுவில் மேடாக இருக்கும் இரும்புச் சட்டியில் ஆட்டுத் துண்டுகளை மேலே சுடுவார்கள். உருகும் கொழுப்பு வழிந்து ஓரத்தில் இருக்கும் முட்டைக்கோஸிலும் வெங்காயத்திலும் இறங்கும். சப்போரோ பீர் கார்டனில் அதற்கும் தபேஹோதாய் உண்டு. உள்ளதைச் சொன்னால், யாகினிகுவை விட எனக்கு அந்த வெங்காயம் பிடிக்கும்.

பெரிய கிண்ணம் சோறு

வேண்டாம். சின்னக் கிண்ணம், அதுவும் கருபியோடு.

நல்ல சட்டை

புகை உறிஞ்சும் அடுப்பு 1980லேயே நகோயாவில் வந்துவிட்டது. இருந்தாலும் அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு மறுநாள் விமானம் ஏறாதீர்கள்.

டிப்ஸ்

கிடையாது.

கடைசி ஆர்டர்

நேரம் முடிவதற்கு 20 அல்லது 30 நிமிடம் முன்பே ஆர்டர் நின்றுவிடும். 90 நிமிடம் என்று எழுதியிருந்தால் உங்கள் கையில் இருப்பது 60, 70 நிமிடம்தான். கடிகாரம் சில கடைகளில் உட்கார்ந்ததும் ஓடத் தொடங்கும், சில கடைகளில் முதல் ஆர்டருக்குப் பின். வரும்போதே கேட்டுவிடுங்கள். கடைசி ஆர்டர் என்று டேப்லெட் எச்சரித்ததும் ஒரு பயம் பிடிக்கும். வயிறு நிறைந்தவனும் நான்கு தட்டு சொல்வான். அந்த நேரத்தில் ஐஸ்கிரீம் மட்டும் சொல்லுங்கள். யூசு என்கிற நாரத்தை மாதிரிப் பழத்தில் செய்த சர்பத் ஐஸ் இருந்தால் அதைச் சொல்லுங்கள், வாயில் இருக்கும் கொழுப்பு இறங்கும்.

ஷின்ஜுகுவில் எச்சரிக்கை வந்தபோது இன்னும் நான்கு தட்டு சுடாமல் இருந்தது. டேப்லெட்டை எடுத்து என் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு இடுக்கியைப் பிடித்தேன். மூச்சு முட்ட எல்லாவற்றையும் முடித்தோம், கூடுதல் காசு எதுவும் கட்டவில்லை. கல்லாவில் நிற்கும்போது, காலையில் மீன் சந்தைக்குப் போகலாமா என்று ஒருவன் கேட்டான். மற்ற மூவரும் பதில் சொல்லவில்லை.