ஹெலிகாப்டர் இறங்க மைதானம் தயார் செய்யும்போது ஊர்க்காரர்கள் கோட்டை விடும் இடங்கள்

வெள்ள மீட்புக்கான மழைக்கால ஒத்திகைக்குப் புதிதாக வரும் தன்னார்வலர்கள் முதலில் செய்வது, மைதானத்தின் நடுவில் பெரிதாக ஒரு ‘எச்’ போடுவது. அதற்கே அரை நாள் ஓடிவிடும். மேலிருந்து வருகிறவருக்கு அந்த ‘எச்’ கடைசி ஒரு நிமிடத்தில்தான் பயன்படும். அதற்கு முந்தைய வேலைகளில்தான் வருஷா வருஷம் கோட்டை விடுகிறார்கள். கூட்டத்தை ஒதுக்குவது, பீடி சிகரெட்டை அணைப்பது எல்லாம் யாரும் சொல்லாமலே தெரியும் என்பதால் இங்கே எழுதவில்லை.

இடத்தைத் தப்பாகச் சொல்வது

“ஸ்கூல் கிரவுண்டு, அம்மன் கோயிலுக்குப் பின்னால” என்பது 108 டிரைவருக்குப் போதும். பைலட்டுக்கு அட்சரேகை, தீர்க்கரேகை எண் வேண்டும். எண்ணைக் கொடுக்கிறார்கள்தான், ஆனால் அது என்ன எண் என்று சொல்லாமல் கொடுக்கிறார்கள். எரிச்சல் வருவது இங்கேதான்.

உடன்குடிப் பக்கத்தில் ஒரு மைதானம் என்று வைத்துக்கொள்ளுங்கள். போனில் உள்ள மேப் 8.4312, 78.0312 என்று காட்டும். இது டிகிரியும் அதன் தசமமும். விமானத்தில் வழக்கமாகப் புழங்குவது டிகிரி, நிமிடம், நிமிடத்தின் தசமம். இந்த நிமிடம் நேரமல்ல, ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு. “எட்டு புள்ளி நாலு மூணு ஒண்ணு ரெண்டு” என்று நீங்கள் சொல்வது விஏஓ, தாலுகா ஆபீஸ், கட்டுப்பாட்டு அறை என்று கை மாறிப் போகும்போது, நடுவில் யாராவது ஒருவர் 8 டிகிரி 43.12 நிமிடம் என்று எழுதிவிடுவார். சரியான கணக்கு 8 டிகிரி 25.872 நிமிடம். ஒரு நிமிடம் 1.85 கி.மீ. என்றால் வித்தியாசம் ஏறக்குறைய 32 கி.மீ. ஹெலிகாப்டர் போய் நிற்பது வாகைக்குளத்தில், தூத்துக்குடி விமான நிலையத்துக்குப் பக்கத்தில். அங்கே வட்டமடித்துத் தேடும் நேரம் தனி. பிறகு மணிக்கு 230 கி.மீ. வேகத்தில் வந்தாலும் உடன்குடிக்கு எட்டு நிமிடம் ஆகும்.

8.6312 என்று இருந்திருந்தால் பிழை சிக்கியிருக்கும், ஏனென்றால் 63 நிமிடம் என்று ஒன்று கிடையாது. புள்ளிக்குப் பின்னால் வரும் முதல் இரண்டு இலக்கம் 60-க்குக் கீழே இருந்தால் யாருக்கும் சந்தேகமே வராது.

மைதானத்தின் நடுவில் நின்று எண்ணை எடுங்கள். புள்ளிக்குப் பின்னால் உள்ளதை (0.4312 என்று புள்ளியோடு) 60-ஆல் பெருக்கி, இரண்டு வடிவத்திலும் எழுதி வையுங்கள். சொல்லும்போது ‘டிகிரி’, ‘நிமிடம்’ என்ற வார்த்தைகளை விடாமல் சொல்லுங்கள். கேட்டவரைத் திருப்பிச் சொல்ல வையுங்கள். கூடவே தாலுகா பெயரும், மேலிருந்து தெரியும் ஓர் அடையாளமும் வேண்டும்: மேல்நிலைத் தொட்டி, கண்மாய்க் கரை, ரயில் பாதை. வெறுமனே ‘புதூர்’ என்றால் எந்தப் புதூர்? வாட்ஸ்அப்பில் லைவ் லொகேஷன் அனுப்பிவிட்டு டீக்கடைக்கு நடப்பவர்களும் உண்டு. அவரோடு சேர்ந்து ஹெலிபேடும் டீக்கடைக்குப் போய்விடும்.

தூசி

கடைசிப் பத்து மீட்டரில் புழுதி எழும்பினால் பைலட்டுக்குத் தரையே தெரியாது. செம்மண் தரையென்றால் ஒரு மணி நேரத்துக்கு முன்பே டேங்கரில் தண்ணீர் அடித்து நன்றாக ஊற விடுங்கள். சத்தம் கேட்ட பிறகு தெளிப்பது வீண். தேரி எனும் செம்மணல் மேட்டில் எவ்வளவு ஊற்றினாலும் கீழே போய்விடும். அங்கே புல்தரையோ தார் போட்ட இடமோ தேடுவதே வழி. கரிசலில் கதை தலைகீழ். ஊற்றிய தண்ணீரே சகதியாகும், முழுச் சுமையில் 13 டன் வரை இருக்கும் எம்ஐ-17 என்ற விமானப்படையின் பெரிய ஹெலிகாப்டரின் சக்கரம் புதையும்.

‘எச்’ போடச் சுண்ணாம்புத் தூளை அப்படியே தூவாதீர்கள். கரைத்துப் பூசிக் காய விடுங்கள். வேட்டியை விரித்துக் கல் வைப்பது இன்னும் மோசம், அது பறந்து விசிறியில் சிக்கும். சாமியானா, ஃப்ளெக்ஸ், பிளாஸ்டிக் நாற்காலி, ஆணி தளர்ந்த தகரக் கூரை எல்லாவற்றுக்கும் இதே விதி.

தரையை மட்டும் அளப்பது

சுழலும் விசிறியோடு சேர்த்து எம்ஐ-17-இன் நீளம் 25 மீட்டருக்குச் சற்று மேல். அதைவிடச் சிறிய துருவ் ஹெலிகாப்டர் 16 மீட்டருக்குள். பெரியதை மனதில் வைத்து 50-க்கு 50 மீட்டர் சமதளம் ஒதுக்குங்கள். அதோடு டேப்பைச் சுருட்டிவிடக் கூடாது. வரும் வழியிலும் போகும் வழியிலும் எட்டு மீட்டர் தூரத்துக்கு ஒரு மீட்டர் உயரம்தான் அனுமதி. 9 மீட்டர் மின்கம்பம் 72 மீட்டருக்கு அப்பால் இருக்க வேண்டும். 20 மீட்டர் தென்னை என்றால் 160 மீட்டர். கம்பம் மேலிருந்து தெரியும், கம்பி தெரியாது. கரண்ட் நிறுத்தியாச்சு என்பதால் கம்பி மறைந்துவிடப் போவதில்லை. கேபிள் டிவி வயர், கம்பத்தை இழுத்துக் கட்டிய ஸ்டே கம்பி, கோயில் கொடைக்குக் கட்டிய சீரியல் லைட் உட்பட எந்தத் திசையில் என்ன உயரத்தில் இருக்கிறது என்று எழுதிக் கொடுங்கள்.

ஒரே மைதானத்தை நம்புவது

2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை கொட்டியது. அந்த வெள்ளத்தில் பல இடங்களில் ஹெலிகாப்டர் இறங்காமல் மேலிருந்தே உணவுப் பொட்டலங்களைப் போட வேண்டியிருந்தது. பள்ளி மைதானம் முழுகினால் அடுத்தது எந்த மேடு? அதன் எண்ணையும் இப்போதே எடுத்து வையுங்கள்.

காற்று

எதிர்க்காற்றில்தான் இறங்குவார்கள். கம்பில் ஒரு துணியைக் கெட்டியாகக் கட்டி, மைதானத்துக்கு வெளியே நடுங்கள்.

தோளில் துண்டு

கழற்றி வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள். ஸ்ட்ரெச்சர் போர்வையைப் பெல்ட்டுக்குள் செருகுங்கள். குளுக்கோஸ் பாட்டிலைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடிக்காதீர்கள்.

வால் பக்கம்

போகவே கூடாது. எம்ஐ-17-இல் பின்பக்கமாகவும் ஏற்றுவார்கள், அப்போதும் குழுவினர் வந்து கூட்டிப்போனால் மட்டும்.