ஆல்பர்ட்டா விவசாயிகள் கட்சிச் சட்டமன்ற உறுப்பினரின் வாழ்க்கைக் குறிப்பை எழுதுவது எப்படி?

கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தை 1921 முதல் 1935 வரை ஆண்ட 'ஆல்பர்ட்டா ஐக்கிய விவசாயிகள்' கட்சியின் உறுப்பினர் ஒருவரைப் பற்றி எழுதப் புகுபவர், சட்டமன்றப் பதிவேடுகளைப் புரட்டுவதற்கு முன்பு, அவர் எந்த ஊர்க் கிளைச் சங்கத்திலிருந்து வந்தவர் என்று தேட வேண்டும். 1909இல் விவசாயிகள் சங்கமாகத் தொடங்கிய இந்த அமைப்பு, பத்தாண்டுகள் கழித்தே தேர்தல் அரசியலுக்கு வந்தது. 1921இல் வெற்றி கிடைத்த பிறகும் சங்கத் தலைவர் ஹென்றி வைஸ் வுட் முதல்வர் பதவியை ஏற்காமல் சங்கத்திலேயே இருந்துவிட்டார் என்பதை நினைத்தால், சங்கப் பொறுப்புகளை ஒற்றை வரியில் கடந்துபோவது எவ்வளவு பெரிய பிழை என்பது விளங்கும்.

அடுத்து, 1921, 1926, 1930, 1935 ஆகிய நான்கு பொதுத்தேர்தல்களையும் வரிசையாக எழுதி, எதிரே அவருடைய தொகுதியையும் வாக்குகளையும் குறித்துக்கொள்ளுங்கள். 1926 முதல் கிராமப்புறத் தொகுதிகளில் வாக்காளர்கள் வேட்பாளர்களை விருப்ப வரிசைப்படி குறித்ததால், முதல் சுற்று எண்ணிக்கையையும் இறுதிச் சுற்று எண்ணிக்கையையும் கலந்துவிடக் கூடாது. இடைத்தேர்தல்களிலும் எச்சரிக்கை தேவை: பொதுத்தேர்தலில் நிற்காமலே முதல்வரான ஹெர்பர்ட் கிரீன்ஃபீல்டு, 1921 டிசம்பரில் பீஸ் ரிவர் தொகுதி இடைத்தேர்தல் வழியாகத்தான் சட்டமன்றத்திற்குள் வந்தார்.

பழைய கட்சியை மறைக்காதீர்கள். ஜார்ஜ் ஹோட்லி 1909இல் கன்சர்வேடிவ் உறுப்பினராக ஒகொடோக்ஸ் தொகுதியில் வென்று, 1921இல் அதே தொகுதியில் விவசாயிகள் கட்சி வேட்பாளராக வென்று அமைச்சரானவர். இத்தகைய மாற்றத்தைச் சொல்லாத குறிப்பு பாதிக் குறிப்பே.

1935 தோல்வியைத் தனிமனிதர் தலையில் கட்டுவது பலரும் செய்யும் தவறு. அந்த ஆகஸ்டில் வில்லியம் ஏபர்ஹார்ட்டின் சோஷியல் கிரெடிட் கட்சியிடம் முதல்வர் ரீட் உட்பட விவசாயிகள் கட்சியினர் அனைவரும் தோற்றனர். வறட்சியும், கோதுமை விலை வீழ்ச்சியும், கடன் சுமையும் பின்னணியில் இருந்தன.

குறிப்பை அந்த ஆண்டோடு முடித்துவிடவும் கூடாது. 1934இல் முதல்வர் பதவியிலிருந்து விலகி, மறு ஆண்டு பொனோகா தொகுதியையும் இழந்த ஜான் பிரவுன்லி, 1948இல் 'யுனைடெட் கிரெயின் குரோயர்ஸ்' என்ற தானிய வணிக நிறுவனத்தின் தலைவரானார்.