கன்வென்ஷனில் புது போர்டு கேம்களை ஆடிப் பார்ப்பது எப்படி?

கன்வென்ஷன், அதாவது போர்டு கேம் ரசிகர்கள் கூடும் விழாவுக்குள் நுழைந்ததும் கண்ணில் படும் முதல் மேசையில் உட்கார்ந்துவிடாதீர்கள். அரங்கை ஒரு சுற்று சுற்றி வந்து, எங்கெங்கே டெமோ நடக்கிறது, எதற்கு முன்பதிவு வேண்டும் என்று பார்த்து வையுங்கள். கூட்டம் மொய்க்கும் புது ஆட்டங்களைக் காலையிலேயே ஆடிவிடுவது நல்லது.

பெட்டியில் ஆட்டக்காரர் எண்ணிக்கை, வயது, நேரம் மூன்றும் போட்டிருக்கும். அந்த நேரத்தை அப்படியே நம்ப வேண்டாம். அசூல் மாதிரி 30-45 நிமிடம் என்று போட்ட ஆட்டமே, நாலு பேர் புதிதாக உட்கார்ந்து விதிகளைக் கேட்டு ஆடினால் ஒரு மணி நேரத்தைத் தொட்டுவிடும்.

விதி சொல்பவரிடம் முதலில், "எப்படி ஜெயிப்பது, ஆட்டம் எப்போது முடியும்?" என்று கேளுங்கள். மற்ற விதிகள் எதற்காக என்பது அப்போதுதான் பிடிபடும்.

முழுசாக ஆட வேண்டும் என்பதில்லை. உங்கள் முறைக்குக் காத்திருக்கும்போது அடுத்தவர் எந்தக் கார்டை எடுக்கிறார் என்று ஆவலாகப் பார்க்கிறீர்களா, இல்லை போனைத் தடவுகிறீர்களா என்பது இரண்டு மூன்று ரவுண்டிலேயே தெரிந்துவிடும், வாங்கலாமா வேண்டாமா என்பதற்கு என்னைக் கேட்டால் இதைவிட நல்ல அளவுகோல் கிடையாது. பாதியில் எழுவதாக இருந்தால் உட்காரும்போதே சொல்லிவிடுங்கள். அப்புறம், கிளம்பும் முன் டோக்கன்களைப் பிரித்து அடுக்கிவிட்டுப் போங்கள், அடுத்த குழு நின்றுகொண்டிருக்கும்.